வாசலில் கற்றுத்தர வேண்டிய பாடம்: ‘ஈடாட்’ பயிற்சித் தொகுப்பு – ஒரு மதிப்புரை

மருத்துவப் படிப்பின் நாலரை ஆண்டுகளை முடித்துவிட்டு ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குள் நுழைபவருக்கு, ஒரு நோயாளியை உட்காரவைத்து விசாரித்து, பரிசோதித்து, நோய் இன்னதென்று ஓரளவு சொல்லிவிடத் தெரிந்திருக்கிறது. ஆனால் திங்கட்கிழமைக் காலையில் குழந்தைகள் புறநோயாளிப் பிரிவின் வாசலில், தாய்மாரின் தோளிலும் இடுப்பிலுமாகக் கூட்டம் நெரியும்போது, அவர்களில் யாரை உடனே உள்ளே தூக்கிச் செல்ல வேண்டும், யாரை வரிசையின் முன்னால் கொண்டுவர வேண்டும், யார் தன் முறைக்காகக் காத்திருக்கலாம் என்று கேட்டால் அவர் திகைத்து நிற்கிறார். அதை அவருடைய குறை என்று சொல்வதற்கில்லை. இறுதித் தேர்வில் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்காததை நம் மாணவர்கள் படிப்பதுமில்லை.

மருத்துவமனை வழக்கில் ‘ட்ரையாஜ்’ என்று சொல்லப்படும் இந்த வகை பிரிக்கும் வேலையைக் கற்றுத்தருவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ‘ஈடாட்’ (அவசர வகை பிரிப்பு, மதிப்பீடு, சிகிச்சை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) பயிற்சித் தொகுப்பை, ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் நலத்துறையில் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதலாண்டுப் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் நடத்திவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இத்தொகுப்பின் வகை பிரிக்கும் பகுதிக்கு இணையான எளிமையும் பயனும் கொண்ட வேறொன்றைப் பயிற்சி மருத்துவர்களுக்காக நான் பார்த்ததில்லை. ஆனால் சிகிச்சைப் பகுதியை 2005-இல் அச்சான வடிவிலேயே இன்று நடத்துவது ஆபத்து. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த ஆசிரியர் கையில்தான் இதைக் கொடுக்க வேண்டும்.

தொகுப்பு இரண்டு புத்தகங்களாக இருக்கிறது: பங்கேற்பாளர் கையேடு ஒன்று, பயிற்றுநர் வழிகாட்டி ஒன்று. இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். மூன்றரை நாள் பயிற்சியாக இது வகுக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் நடத்தப்பட்டுவந்த குழந்தைகளுக்கான உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சியின் முறையை எடுத்து, ஆய்வக வசதியும் ஆள்பலமும் குறைந்த மருத்துவமனைகளுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார்கள். அந்த வேலையின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்தது. அங்கே பிளாண்டயர் நகரிலுள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில், குழந்தைகள் புறநோயாளிப் பிரிவைத் திருத்தியமைத்து, வந்தவுடனேயே வகை பிரித்து, அவசர சிகிச்சையை வாசலிலேயே தொடங்கும் ஏற்பாட்டைச் செய்தபின், அதற்குமுன் 10 முதல் 18 சதவீதம் வரை இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 6 முதல் 8 சதவீதமாகக் குறைந்தது என்று 2006-இல் பதிவுசெய்திருக்கிறார்கள். புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ வந்ததால் கிடைத்த பலன் அன்று அது. மருத்துவமனையில் இறக்கும் குழந்தைகளில் பலர் சேர்ந்த முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே இறக்கிறார்கள் என்பதே இந்தப் பயிற்சியின் அடிப்படை. நம் நாட்டில் மாவட்ட மருத்துவமனை மருத்துவர்களுக்கு நடத்தப்படும் குழந்தை நோய் ஒருங்கிணைந்த சிகிச்சைப் பயிற்சியிலும் இந்தப் பாடமே முதலில் வருகிறது.

வகை பிரிப்பு மூன்றே படிகளைக் கொண்டது: அவசரம், முன்னுரிமை, வரிசை. அவசர அறிகுறிகளை ஏ (மூச்சுப் பாதை), பி (மூச்சு), சி (இரத்த ஓட்டம், நினைவிழப்பு, வலிப்பு), டி (நீர்வறட்சி) என்ற ஒழுங்கில் பார்க்க வேண்டும். மூச்சுப் பாதை அடைத்திருக்கிறதா, மூச்சுத் திணறல் கடுமையாக இருக்கிறதா, நாக்கு நீலம் பாரித்திருக்கிறதா, கைகால் சில்லிட்டு இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறதா, நினைவிழப்போ வலிப்போ உண்டா, வயிற்றுப்போக்கோடு உடலின் நீர் கடுமையாக வற்றியிருக்கிறதா என்பவை அவை. ஒன்றும் இல்லையென்றால் முன்னுரிமை அறிகுறிகளுக்குப் போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு, கொதிக்கும் காய்ச்சல், அடிபட்ட காயம், கடுமையான வெளிறல், நஞ்சு, தாங்கமுடியாத வலி, மூச்சிரைப்பு, ஓயாத அழுகை அல்லது துவண்டுபோதல், வேறிடத்திலிருந்து அவசரமாக அனுப்பப்பட்ட குழந்தை, எலும்பும் தோலுமான மெலிவு, இரு பாதங்களிலும் வீக்கம், பெரிய தீக்காயம் என அவை பன்னிரண்டு. இவற்றை நினைவில் வைக்க, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘மூன்று டி.பி.ஆர்., எம்.ஓ.பி.’ என்றொரு சுருக்கம் தந்திருக்கிறார்கள். வார்டில் நாள்தோறும் வெப்பம், நாடி, மூச்சு ஆகியவற்றைப் பதியும் டி.பி.ஆர். சார்ட் எழுதும் மாணவர்களுக்கு அது ஒரே நாளில் மனப்பாடமாகிவிடுகிறது. அவசர அறிகுறி இல்லாத குழந்தையை வகை பிரித்து முடிக்க, பழகிய கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேட்பதற்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். முதல் நாள் காலையில் எல்லா மாணவர்களும், குறிப்பாக நன்றாகப் படிக்கும் மாணவர்கள், ‘இவ்வளவுதானா?’ என்ற முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் சிரமம் வருவது அறிகுறிகளை அறிவதில் அன்று. அறிகுறியைக் கண்ட இடத்தில் நிற்பதில். மூச்சுத் திணறும் குழந்தையைக் கண்டதும் உதவிக்குக் குரல் கொடுத்து, ஆக்சிஜனைத் தொடங்கிவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும் என்கிறது கையேடு. நம் மாணவரோ, எத்தனை நாளாகக் காய்ச்சல், இருமலில் சளி வருகிறதா, தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்றா என்று தாயிடம் கேட்கத் தொடங்கிவிடுகிறார். நான்கு ஆண்டுகளாக நாம் பழக்கிய பழக்கம் அது: முதலில் வரலாறு, பிறகு பரிசோதனை, கடைசியில் சிகிச்சை. அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கக் கற்றுத்தருவதே இந்தப் பயிற்சியின் உண்மையான பணி. அதைச் சொற்பொழிவால் செய்ய முடியாது.

ஆகவே பயிற்சியை எங்கே நடத்துகிறோம் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. எங்கள் துறையில் முதல் நாள் காலை அரங்கில் படங்களைக் காட்டி அறிகுறிகளை விளக்கிவிட்டு, அடுத்த இரண்டு காலைகளிலும் மாணவர்களை இருவர் இருவராகப் புறநோயாளி வரிசைக்கே அனுப்பிவிடுகிறோம். கையில் ஸ்டெதாஸ்கோப் கிடையாது. தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: ‘குழந்தைக்கு என்னம்மா?’ மற்றதெல்லாம் கண்ணும் கையும் பார்க்க வேண்டியவை. ஒவ்வொரு குழந்தைக்கும் சீட்டில் மூன்று படிகளில் ஒன்றைக் குறிக்கும் ஓர் எழுத்தை எழுதிவிட்டு நகர வேண்டும். பின்னாலேயே வரும் ஆசிரியர் அதே குழந்தையைத் தனியாகப் பார்த்துத் தன் எழுத்தை எழுதுவார். மதியம் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவோம். கையேட்டில் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் உள்ள வினாக்களைவிட இந்த ஒரு மணி நேரப் பேச்சில் மாணவர் கற்பது மிக அதிகம். முந்தானைக்குள் சுருண்டு தூங்குவதுபோல் கிடக்கும் கைக்குழந்தை உண்மையில் தூங்குகிறதா, நினைவு மங்கிக் கிடக்கிறதா என்பதை எந்தப் படமும் காட்டாது. முந்தானையை விலக்கிக் குழந்தையைத் தொட்டு எழுப்பித்தான் பார்க்க வேண்டும். உரக்க அழும் குழந்தையையே எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள் என்பதையும், அழக்கூட வலுவில்லாத குழந்தை வரிசையில் பின்தங்கிவிடுகிறது என்பதையும் மாணவர் தன் சீட்டையும் ஆசிரியரின் சீட்டையும் ஒப்பிடும்போதுதான் உணர்கிறார்.

செய்முறை நுட்பங்களில் கையேடு போதிய கவனம் காட்டுகிறது. இரத்த ஓட்டத்தைப் பார்க்க முதலில் குழந்தையின் கையைத் தொட வேண்டும். கை வெதுவெதுப்பாக இருந்தால் மேற்கொண்டு போக வேண்டியதில்லை. சில்லிட்டிருந்தால், கட்டைவிரல் அல்லது கால் பெருவிரல் நகத்தை மூன்று வினாடி அழுத்திவிட்டு, சிவப்பு திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஆனால், நாடி பலவீனமாகவும் வேகமாகவும் இருக்கிறதா என்பது அடுத்தது. தொடுதல், அழுத்துதல், நாடி பார்த்தல் என்ற இந்த வரிசை இருட்டிலும் கூட்டத்திலும் செய்யக்கூடியது என்பதே அதன் சிறப்பு. இதோடு உள்ளூர் ஆசிரியர் சேர்த்துச் சொல்ல வேண்டியவை உண்டு. திருவிழாவோ கல்யாணமோ முடிந்த வாரத்தில் வரும் பெண் குழந்தைகளின் விரல் நகங்களில் மருதாணி ஏறியிருக்கும். அப்போது மார்பெலும்பின் மேலுள்ள தோலை அழுத்திப் பார்க்கச் சொல்லித்தருகிறோம். வெளிறலைக் கறுத்த மேனியில் முகத்தைப் பார்த்து மதிப்பிட முடியாது. குழந்தையின் உள்ளங்கையைத் தாயின் அல்லது தன் உள்ளங்கையோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, கறாராகச் சொல்ல வேண்டிய இடம். 2005 கையேட்டின் இரத்த ஓட்டம் பற்றிய அத்தியாயம், அதிர்ச்சி நிலையிலுள்ள, அதாவது உடலுக்குப் போதிய இரத்த ஓட்டம் இல்லாத குழந்தைக்கு (கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு இல்லாவிட்டால்) கிலோவுக்கு 20 மி.லி. திரவத்தை எவ்வளவு விரைவாக ஏற்ற முடியுமோ அவ்வளவு விரைவாக ஏற்றச் சொல்கிறது. அக்காலத்தில் உலகெங்கும் அதுவே வழக்கம். 2011-இல் வெளியான ‘ஃபீஸ்ட்’ ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில், கடுங்காய்ச்சலோடும் இரத்த ஓட்டக் குறைவின் அறிகுறிகளோடும் வந்த 3,141 குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அல்புமின் என்ற இரத்தப் புரதக் கரைசலையும் ஒரு குழுவுக்குச் சலைனையும் விரைவாக ஏற்றினார்கள். மூன்றாம் குழுவுக்கு அப்படி எதையும் விரைவாக ஏற்றவில்லை. 48 மணி நேரத்துக்குள் நேர்ந்த இறப்பு முதல் இரு குழுக்களில் முறையே 10.6, 10.5 சதவீதம், மூன்றாம் குழுவில் 7.3 சதவீதம். அதன்பின் 2016-இல் உலக சுகாதார நிறுவனமே இந்த அத்தியாயத்தைத் திருத்தி வழிகாட்டுதல் வெளியிட்டது: கை சில்லிடல், நகச் சிவப்பு திரும்பத் தாமதம், பலவீனமான வேகநாடி ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால் மட்டுமே அதிர்ச்சி நிலை என்று கொண்டு, கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. திரவத்தை 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். மூன்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் விரைந்து ஏற்றக் கூடாது. இந்தத் திருத்தம் தனி ஆவணமாக இருக்கிறது. பழைய கையேட்டை மட்டும் அச்செடுத்துப் பயிற்சி நடத்துபவர் கையில் அது வருவதேயில்லை. அச்சிட்ட தாளை மாணவர் கேள்வி கேட்காமல் நம்புவார் என்பதால், இந்த ஓர் அத்தியாயத்தை மட்டுமாவது திருத்தி எழுதிய பிறகே நகலெடுக்க வேண்டும்.

அந்தத் திருத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு இங்கே நடவு செய்ய முடியாது. ஃபீஸ்ட் ஆய்வில் சேர்ந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா இருந்தது. மூன்றில் ஒரு பங்கினர் கடுமையான இரத்தசோகையோடு வந்தவர்கள். நம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வார்டை நிரப்புவது டெங்கு. டெங்கு அதிர்ச்சியில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. அங்கே திரவமே மருந்து. இரத்த அழுத்தம் இன்னும் சரியாத நிலையில் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. வீதம் ஒரு மணி நேரத்திலும், சரிந்துவிட்டால் 20 மி.லி. வீதம் 15 நிமிடத்திலும் ஏற்றச் சொல்லும் டெங்கு வழிகாட்டுதலை இதோடு சேர்த்தே கற்றுத்தர வேண்டும்.

டெங்குவைப் பொறுத்தவரை வகை பிரிக்கும் பகுதியிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கொதிக்கும் காய்ச்சல் முன்னுரிமை அறிகுறி. காய்ச்சல் இல்லாத குழந்தை வரிசையில் நிற்கலாம். ஆனால் டெங்குவில் ஆபத்துக் காலம் தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான். ‘நேற்றிலிருந்து காய்ச்சல் விட்டுவிட்டது, சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறான்’ என்று தாய் நிம்மதியோடு சொல்லும் அந்தக் குழந்தை, கண் திறந்து, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு, நாடி அழுத்த இடைவெளி (இரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்குமான வித்தியாசம்) 20-க்குக் கீழே சுருங்கிய நிலையில் உட்கார்ந்திருக்கக் கூடும். ஈடாட் முறையில் இரத்த அழுத்தக் கருவிக்கு இடமில்லை. வசதி குறைந்த இடங்களை எண்ணி வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். கையைத் தொட்டுப் பார்த்தால் சில்லிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் மழைக்காலத்தில் நடத்தும் வகுப்புகளில் பன்னிரண்டு அறிகுறிகளோடு பதின்மூன்றாவதாக ஒன்றை நாங்கள் கையால் எழுதிச் சேர்த்துவிடுகிறோம்: சில நாள் காய்ச்சல் அடித்து இப்போது விட்டிருக்கிறது, கூடவே வாந்தியோ வயிற்றுவலியோ சோர்வோ உண்டு என்றால் முன்னுரிமை.

தேள்கடியும் இப்படித்தான். செந்தேள் கொட்டிய குழந்தை வியர்த்து விறுவிறுத்து, கைகால் சில்லிட்டு, நாடி வேகமாக அடிக்கும் நிலையில் வரும். சில்லிப்பைக் கண்டதும் திரவத்தை ஏற்றப் பழகிய மாணவர் இங்கேயும் தாராளமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இந்தக் குழந்தைக்கு வேண்டியது, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிராசோசின் என்ற மருந்து. வகை பிரிப்பு சரி, ‘அவசரம்’ என்று எழுதியதும் சரி, அடுத்த அடிதான் வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தராத பயிற்சி தமிழ்நாட்டுக் கிராமப்புற மருத்துவமனைக்கு முழுமையான பயிற்சி ஆகாது. நஞ்சு என்ற அறிகுறி மட்டும் இங்கே வியக்கத்தக்க அளவு உதவுகிறது. மண்ணெண்ணெய் குடித்துவிட்டு ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையையும், அரளி விதையைக் கடித்துவிட்டு ஒன்றுமே நடவாததுபோல் நிற்கும் குழந்தையையும், முகத்தைப் பார்த்து ஏமாறாமல் வரிசைக்கு முன்னால் கொண்டுவந்துவிடுகிறது.

நினைவிழப்பு, வலிப்பு, நீர்வறட்சி பற்றிய அத்தியாயங்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தெளிவாக இருக்கின்றன. வலிப்புக்கு ஆசனவாய் வழியே டயசிபாம் கொடுக்கும் முறையை விரிவாக விளக்குகிறார்கள். மூக்கில் தெளிக்கும் மிடசோலம் உள்ள இடங்களில் அதையும் சேர்த்துக் காட்டிவிட்டால் போதும்.

குறையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று மறுபடி வகை பிரிப்பதைப் பற்றியது. காலை ஒன்பது மணிக்கு ‘வரிசை’ என்று எழுதப்பட்ட குழந்தை பதினொரு மணிக்கும் அதே நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. காத்திருப்போரை இடையிடையே மீண்டும் ஒரு சுற்று பார்த்துவர வேண்டும் என்பதைப் பயிற்சியில் ஒரு தனிப் பாடமாக, நேரம் ஒதுக்கிச் செய்விக்க வேண்டும். கையேட்டை மட்டும் நம்பினால் மாணவர் மனத்தில் வகை பிரிப்பு என்பது ஒருமுறை ஒட்டிவிட்டு மறந்துவிடும் முத்திரையாகத் தங்கிவிடுகிறது.

வேறு முறைகளை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் பரவலாக உள்ள ஐந்து படி அவசரக் குறியீடு, நோயாளிக்கு எத்தனை வகைப் பரிசோதனைகளும் சிகிச்சைகளும் தேவைப்படும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொல்கிறது. அனுபவமுள்ள செவிலியருக்கு அது எளிது, வார்டுக்கு வந்து ஒரு மாதமான ஹவுஸ் சர்ஜனுக்கு எளிதன்று. 1983-இல் கலிஃபோர்னியாவில் உருவான ‘ஸ்டார்ட்’ முறை, பேருந்து கவிழ்ந்து ஒரே நேரத்தில் பலர் அடிபட்டு வரும் நாளுக்குரியது. அன்றாடப் புறநோயாளி வரிசைக்கு அது பொருந்தாது. 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஒருங்கிணைந்த கருவி, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனித் தாளோடு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றே நிறங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் இதே நிறங்கள் புழங்குவதால், ஈடாட் வகுப்பில் கற்ற எழுத்துகளை நிறங்களாக மாற்றிக்கொள்ள மாணவர் திண்டாடுவதில்லை. பெரியவர்களையும் பார்க்க வேண்டிய அவசரப் பிரிவுக்குப் போகுமுன் அந்தக் கருவியையும் ஒரு பிற்பகல் காட்டிவிடுவது நல்லது.

கடைசி அத்தியாயம், பயிற்சி முடிந்தபின் அவரவர் மருத்துவமனையில் இதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பது. பெரும்பாலான இடங்களில் மூன்றரை நாளை ஒரு நாளாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான். சான்றிதழுடன் ஒருநாள் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் அமைப்பொன்றின் நிகழ்ச்சிநிரலை அண்மையில் பார்த்தேன். பொம்மையில் செயற்கைச் சுவாசம் கொடுக்க இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள், இந்த அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் இல்லை. ஆனால் தொகுப்பிலேயே துணிச்சலான கருத்து இங்கேதான் இருக்கிறது: குழந்தையை முதலில் பார்ப்பவர் மருத்துவர் அல்லர், வாயிற்காவலரும் சீட்டு எழுதுபவரும் துப்புரவுப் பணியாளருமே, ஆகவே அவசர அறிகுறிகளை அடையாளம் காண அவர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்கிறது கையேடு. எங்கள் வகுப்பின் கடைசிப் பிற்பகலில் ஒவ்வொரு மாணவர் குழுவும், வாசலிலிருந்து மருத்துவர் அறைவரை ஒரு குழந்தை கடந்துவரும் வழியைப் படமாக வரைந்து, எந்த இடத்தில் யார் அதைப் பார்க்கிறார் என்று குறித்துக் காட்ட வேண்டும். பிறகு சீட்டு எழுதும் இடத்திலுள்ள ஊழியருக்கு, மருத்துவச் சொல் ஒன்றுகூட இல்லாமல், அவசர அறிகுறிகளைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். அவர் புரிந்துகொண்டு, வரிசையிலிருந்து ஒரு குழந்தையைச் சரியாகச் சுட்டிக்காட்டினால் அந்தக் குழு தேர்ச்சி. ஒருநாள் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், இந்தப் பிற்பகல் அதில் இருக்கிறதா என்று துறைத்தலைவர்கள் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். இல்லையென்றால், புத்தகம் இலவசம், வரிசை உங்கள் வாசலிலேயே இருக்கிறது, நீங்களே நடத்திக்கொள்ளலாம்.